செலரிக் குருத்து கருகல்: என் அனுபவம்

கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால், தண்டுக்காக வளர்க்கும் கீரையான செலரி போட்டிருக்கிறேன். வெளித்தண்டுகள் தளதளவென்று இருக்க, நடுக்குருத்து மட்டும் நுனி பழுப்பாகி, அப்புறம் கறுத்து அழுகியது. விரித்துப் பார்த்தேன், புழு இல்லை, பூச்சி கடித்த தடமும் இல்லை.

இளங்குருத்துக்குக் கால்சியம் போய்ச் சேராததால் வரும் குறை இது. மண்ணில் கால்சியம் இருந்தாலும் தண்ணீரோடுதான் அது மேலே ஏறும். செலரியின் வேரோ மேலாகவே ஓடுவது. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குடம் குடமாக ஊற்றினால், முதலில் அடிபடுவது குருத்துதான். அதனால் பூச்சிமருந்து பக்கமே போகவில்லை. காய்ந்த புல்லை நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பி, தினமும் காலையில் அளவாகத் தண்ணீர் விட்டேன். யூரியாவை நிறுத்தினேன், செடி வேகமாக வளர்ந்தால் கருகலும் கூடும். கால்சியம் நைட்ரேட்டை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, குருத்துக்குள் இறங்கும்படி வாரம் ஒருமுறை தெளித்தேன். நீலகிரி மண் புளிப்பு மண் என்பதால், அடுத்த நடவுக்கு முன் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூளும் கலந்தேன்.

முழுக்கக் கருகிய செடி தேறாது, பிடுங்கிவிட வேண்டியதுதான். லேசாகப் பட்ட செடிகளில் பிறகு வந்த தண்டுகள் வெளிர்பச்சையாக, ஒடித்தால் சடக்கென்று ஒடிகின்றன. பக்கத்துப் பாத்தியில், கிழங்குக்காக வளர்க்கும் செலரி வகையான செலரியாக்குக்கும் இதே தண்ணீர்க் கணக்குதான். கிழங்கு பருக்கும்போது அடி இலைகளை மட்டும் கழித்துவிடுகிறேன்.