தவிடு கலந்த மரத்தூளில் சிப்பிக் காளான்: குக்கரில் செய்து பார்க்கலாம்

வைக்கோலை வெந்நீரில் ஊறவைத்துச் சிப்பிக் காளான் வளர்த்தவர்கள் நம் ஊரில் நிறைய பேர் உண்டு. அதையே மரத்தூளில் வளர்க்கலாம் என்றால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். உண்மையில் சிப்பிக் காளான் பட்டுப்போன மரத்தில் முளைக்கிற ஜாதி. வைக்கோலுக்குப் பழக்கியது நாம்தான்.

மரத்தூளில் ஒரே குறை, தழைச்சத்து மிகக் குறைவு. அதை ஈடுகட்டத்தான் தவிடு சேர்க்கிறோம். விளைச்சல் கூடும், சிக்கலும் கூடும். தவிட்டைப் போட்டுப் பந்தி விரித்தால் அழைக்காத பூசணமெல்லாம் முதல் வரிசையில் வந்து உட்காரும். வெந்நீரில் முக்கியெடுப்பது இங்கே போதாது. நான் முதல் தடவை இட்லிக் கொப்பரையில் ஒரு மணி நேரம் ஆவி காட்டினேன். பத்தாம் நாள் மூன்று பையும் பச்சை.

பொருட்கள்

10 லிட்டர் குக்கருக்கு மூன்று பை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

- காய்ந்த மரத்தூள் 700 கிராம்
- தவிடு 70 கிராம்
- கால்சியம் கார்பனேட் தூள் ஒரு தேக்கரண்டி (வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வேறு, அது வேண்டாம்)
- தண்ணீர் சுமார் 1.1 லிட்டர்
- காளான் வித்து (சோளத்தில் காளான் பூஞ்சையைப் படரவிட்டது) 100 கிராம்

மரத்தூளை மர அறுவை மில்லில் கேட்டு வாங்குங்கள். மா, வாகை, ரப்பர் மரம் எல்லாம் நன்றாக வரும். தேக்கும் வேம்பும் வேண்டாம். பூஞ்சையை எதிர்த்து நிற்கிற மரங்கள் அவை. பிளைவுட் அறுத்த தூளில் பசை இருக்கும், அதையும் தொடாதீர்கள்.

தவிடு கேட்டால் சில இடங்களில் உமி கலந்து கொடுத்துவிடுவார்கள். உமியில் சத்து கிடையாது. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்ட வேண்டும். அரிசித் தவிடு சீக்கிரம் சிக்கடிக்கும் என்பதால் புதிதாக வாங்குங்கள். இல்லையென்றால் மாட்டுத்தீவனக் கடையில் கிடைக்கும் கோதுமைத் தவிடு நல்லது. பழகியவர்கள் மரத்தூளின் எடையில் 20 சதவீதம் வரை தவிடு போடுகிறார்கள். முதல் முறைக்கு 10 சதவீதத்தைத் தாண்டாதீர்கள்.

கலப்பதும் பையில் அடைப்பதும்

உலர்ந்தவற்றை முதலில் கலந்து, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். மில்லுக்கு மில் தூளின் ஈரம் மாறும். அதனால் 1.1 லிட்டரையும் அப்படியே ஊற்றிவிடாமல் கையை நம்புங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் இரண்டொரு சொட்டு வரலாம். ஒழுகினால் ஈரம் அதிகம். இன்னும் தூள் சேருங்கள். கலந்த அன்றே வேகவைத்துவிட வேண்டும். நம் வெயிலில் மறுநாளே புளித்துவிடும்.

பை பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும். கடையில் பிபி கவர் என்று கேளுங்கள். சாதாரணப் பாலித்தீன் குக்கர் சூட்டில் உருகிவிடும். பைக்கு 600 கிராம் அளவில் நிரப்பித் தட்டி இறுக்கி, வாயில் ஒரு துண்டு பிவிசி குழாயை வளையமாக மாட்டிப் பஞ்சால் அடையுங்கள். அதன்மேல் தாள் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். தாள் இறுக்கமாக இருக்க வேண்டும். பஞ்சோ தூளோ பறந்துபோய்க் குக்கரின் ஆவிக்குழாயை அடைத்தால் ஆபத்து.

வேகவைத்தல்

இங்கே அவசரப்படாதீர்கள். முந்தின நாளே வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி, வெயிட் போட்டு, இரண்டு மணி நேரம் சிறு தீயில் ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு தண்ணீர் மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். தண்ணீர் வற்றிய குக்கர் விளையாட்டுப் பொருள் அல்ல.

மறுநாள் அடியில் தட்டு வைத்து, பைகள் தண்ணீரைத் தொடாதபடி நிறுத்துங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, வெயிட் லேசாக மூச்சு விடுகிற நிலையில் இரண்டு மணி நேரம். வெயிட் தாங்கும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ. உள்ளே வெப்பம் 121 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். தவிட்டில் ஒளிந்திருக்கும் பாக்டீரியா வித்துகள் 100 டிகிரிக்கு அசையாது, இந்தச் சூட்டில்தான் சாகும். அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்காதீர்கள், பை வெடித்துவிடும். இரவு முழுக்க அப்படியே ஆறட்டும்.

வித்து போடுதல்

வித்து கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும். பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரியுங்கள். சோளத்தின் மேல் வெள்ளை மட்டும் படர்ந்திருக்க வேண்டும். பச்சை, கறுப்பு, புளித்த வாடை இருந்தால் வேண்டாம்.

மின்விசிறியை அணைத்து, சன்னலைச் சாத்தி, கையையும் மேசையையும் சானிடைசரால் துடையுங்கள். அந்த நேரம் அடுப்போ விளக்கோ பக்கத்தில் எரியக் கூடாது. பை கையில் சுடாமல் ஆறியிருக்கிறதா பாருங்கள். பஞ்சை எடுத்து, பைக்கு 30 கிராம் வித்தைச் சட்டென்று கொட்டி, மூடிவிட்டுக் குலுக்குங்கள். பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

காத்திருப்பு

25 முதல் 28 டிகிரியில், வெளிச்சம் குறைந்த இடத்தில் மூன்று வாரம். தவிடு சேர்த்த பை தானாகவே சூடாகும் என்பதால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். சித்திரை வைகாசியில் இதைத் தொடங்குவது வீண் வம்பு. ஆடிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பச்சை பிடித்தால் பையைத் திறக்காமல் வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள். ஆரஞ்சு நிறப் பூசணம் வந்தால் இன்னும் மோசம். அதன் தூள் ஒரே நாளில் வீடு முழுக்கப் பரவும். அசைக்காமல் ஈரத்துணியால் மூடி, அதன்மேல் இன்னொரு கவரையும் போர்த்திய பிறகே நகர்த்துங்கள்.

முழுக்க வெள்ளையானதும் பக்கவாட்டில் இரண்டு மூன்று கீறல் போடுங்கள். சுற்றிலும் ஈரக் கோணிச்சாக்கு, பேப்பர் படிக்கிற அளவு வெளிச்சம், நல்ல காற்றோட்டம் தேவை. தண்ணீரைச் சாக்கின்மேல் தெளியுங்கள், மொட்டின்மேல் வேண்டாம். ஒரு வாரத்துக்குள் மொட்டு தெரியும். தண்டு நீண்டு குடை சின்னதாக இருந்தால் காற்று போதவில்லை. மொட்டு வந்த மூன்று நான்கு நாளில், குடையின் ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே கொத்தாகத் திருகிப் பறியுங்கள். விட்டுவைத்தால் வெள்ளைத் தூள் கொட்டும். சிலருக்கு அதனால் இருமல் வரும், ஆகவே படுக்கையறையில் பை வேண்டாம்.

இரண்டு மூன்று முறை காய்க்கும். முதல் தடவையில் மூன்று பையிலும் சேர்த்து 400 கிராம் வந்தாலே நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

தீர்ந்த பையைக் கிழித்துக் கறிவேப்பிலைச் செடிக்கு மூடாக்காகப் போடலாம். மழைக்குப் பின் அங்கே குடை முளைத்தால் நம் காளான்தான் என்று நினைத்துப் பறித்துவிடாதீர்கள். தோட்ட மண்ணில் வேறு எதுவும் முளைக்கும்.