வெற்றிலைத் தட்டமும் பிளான்ஷும்: வெளிக்கிடுகிற பிள்ளைகளுக்கு

விசுவமட்டில், அம்மா வீட்டு முற்றத்தில் இருந்து இதை எழுதுகிறேன். லீவில் வந்து மூன்று கிழமை. அக்காவின் மகள் அடுத்த மாதம் பிரான்சுக்கு, லியோனுக்குப் போகிறாள். கலியாண எழுத்து முடிந்து விசாவும் வந்துவிட்டது. போன கிழமை கிணற்றடியில் வைத்துக் கேட்டாள்: "மாமா, இவற்ற வேலையிடத்து ஆக்கள் எங்களை அப்பேரோவுக்குக் கூப்பிட்டிருக்கினமாம். அது சாப்பாடோ, தேத்தண்ணியோ?"

நான் போன காலத்தில் இதைக் கேட்க எனக்கு ஒருத்தரும் இருக்கவில்லை. விசாக் காட் கொடுக்கிற பிரெபெக்சர் கந்தோரில் எத்தனை மணிக்கு வரிசைக்குப் போவது, எந்தக் கடிதத்தை எறியக்கூடாது என்பதெல்லாம் பாரிசில் எங்கட கடைத்தெருவான லாச்சப்பலில் பத்துப் பேர் சொல்லித் தருவார்கள். ஒரு மரப்பலகையைச் சுற்றி நிற்கிற வெள்ளைக்காரருக்கு நடுவில் கையை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் இது அவளுக்கும், அவளுக்குப் பின்னால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வரப்போகிறவர்களுக்கும்.

அப்பேரோ என்றால் சாப்பாட்டுக்கு முந்திய குடியும் கொறிப்பும். பசியோடு போனால் பசியோடுதான் திரும்பி வருவீர்கள். 'அப்பேரோ தினத்துவார்' என்று சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் அதுவே இராச்சாப்பாடு. இரண்டிலும் நடுவில் வருவது 'பிளான்ஷ்', அதாவது பலகை. அதில் உப்பிட்டுக் காயவைத்த இறைச்சி, சீஸ், பாண், ஊறுகாய் இருக்கும். கனடாவிலும் லண்டனிலும் இந்த முழுப் பலகைக்கும் ஷார்க்குத்றி போர்ட் என்று பெயர். பிரான்சில் ஷார்க்குத்றி என்றால் இறைச்சி வகை மட்டும்தான், அதை விற்கிற கடைக்கும் அதே பெயர். சீஸும் சேர்ந்தால் 'பிளான்ஷ் மிக்ஸ்த்' என்று கேட்க வேண்டும். சொல் பிறந்தது 'சதை', 'சமைத்தது' என்ற இரண்டு பழைய பிரெஞ்சுச் சொற்களிலிருந்து.

மருமகளுக்கு நான் சொன்ன விளக்கம் இதைவிடச் சுருக்கம்: அது அவர்களுடைய வெற்றிலைத் தட்டம். எங்கள் வீட்டுக்கு ஆள் வந்தால் முதலில் என்ன செய்கிறோம்? தட்டத்தை நடுவில் வைக்கிறோம். வயிறு நிரப்பவா? கதை தொடங்க. ஒருவர் பாக்கு சீவுவார், ஒருவர் காம்பு கிள்ளுவார், காணிப் பிரச்சினையும் பேசி முடியும். பலகையும் அப்படித்தான். ஒரு துண்டு எடுத்தால் ஐந்து நிமிடம் கதைக்க வேண்டும். கோப்பையில் மலையாகக் குவித்துக்கொண்டு மூலைக்குப் போய் இருக்கக்கூடாது.

நான் விட்ட பிழை வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், புளோன்ஜில், அதாவது குசினியின் கழுவுமிடத்தில், சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். பலகையில் முக்கோணமாக ஒரு பிரீ சீஸ். மரியாதையாகச் சின்னத் துண்டு எடுப்போம் என்று கூர் நுனியை வெட்டி எடுத்தேன். மேசை ஒருகணம் அடங்கிப் போனது. வீட்டுக்கார அம்மா சிரித்தபடி தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். அந்த நுனிக்கு மூக்கு என்று பேர். வட்டமான சீஸின் நடுப்பாகம் அதுதான், நன்றாகக் கனிந்து கிடக்கிற இடம். எல்லாருக்கும் நடுவும் தோலும் கிடைக்கிற மாதிரி நீளவாட்டில் சீவ வேண்டுமாம். விளைமீன் குழம்பில் தலையை முதல் ஆளாக அள்ளின கணக்கு. பிறகு அதே குசினியில் குளிர்ச் சாப்பாட்டுப் பக்கத்துக்கு ஏறி, வெள்ளிக்கிழமைகளில் இருபது பலகை அடுக்கினேன். அப்போதும் பிரீயைத் தொட்டால் மூக்குத்தான் ஞாபகம் வரும்.

இனி நீங்கள் உங்கள் வீட்டுக்கு ஆளைக் கூப்பிடுகிற நாள். கூப்பிடுங்கள், கொத்துரொட்டி மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் வைப்பதென்றால் தலைக்கு 50 முதல் 60 கிராம் இறைச்சி, அதேயளவு சீஸ். ஆறு பேருக்கு இரண்டிலும் 300, 350 கிராம் தாராளம். அதுவே சாப்பாடு என்றால் இரட்டிப்பாக்குங்கள். சீஸை அரை மணித்தியாலம் முந்தியே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள், குளிரில் அதற்கு வாசமே இல்லை.

முதலில் சின்னக் கிண்ணங்கள், பிறகு சீஸ், பிறகு இறைச்சி, கடைசியாகப் பாணும் பழமும். மிஞ்சுகிற இடைவெளியில் கச்சான், மரமுந்திரிப் பருப்பு. சலாமியை, அதாவது வட்டம் வட்டமாகச் சீவின காய்ந்த சொசேஜை, பரப்பி வைத்தால் கடை மாதிரி இருக்கும். ஒரு சின்னக் கிளாஸ் எடுத்து, அதன் வாய் விளிம்பில் வட்டத்துண்டுகளைப் பாதி உள்ளே பாதி வெளியேயாக மடித்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். மூன்று சுற்று வந்ததும் கிளாஸைப் பலகையில் கவிழ்த்து மெல்லத் தூக்கினால் ஒரு பூ இருக்கும். மருமகளுக்கு இதைக் காட்ட இங்கே சலாமி கிடைக்கவில்லை. வெற்றிலையில் செய்து காட்டினேன்.

அதற்குமேல் அழகுக்கு அவர்கள் கடையில் காசு கொட்டத் தேவையில்லை. உப்பும் கொழுப்பும் பக்கத்தில் ஒரு புளிப்பையோ இனிப்பையோ தேடும். அதற்குத்தான் அவர்கள் கடுகும் வினாகிரி வெள்ளரிப் பிஞ்சும் வைக்கிறார்கள். எங்களிடம் தேசிக்காய் ஊறுகாய் இருக்கிறது. ஸ்பானியர் மஞ்சேகோ சீஸோடு ஒரு பழப்பாகுக் கட்டியை வெட்டி வைப்பார்கள். அந்த இடத்துக்குப் பனாட்டு அப்படியே பொருந்தும். ஆட்டுப்பால் சீஸோடு இன்னும் நல்லது. நீலம் பூத்த ரொக்ஃபோருக்கு மேல் தேன் விடுவது அவர்களுக்கே பழக்கம், நீங்கள் காட்டுத்தேன் விடுங்கள். கொம்தே மாதிரிக் கட்டிச் சீஸுக்குப் பனங்கட்டித் தூள். புழுக்கொடியலைப் பாக்குச் சீவுவது போல மெல்லியதாகச் சீவினால்தான் வெள்ளைக்காரன் பல் தப்பும். மோர்மிளகாயைப் பொரித்து ஓரமாக நாலு வையுங்கள். அதைக் கடித்தவர்தான் அன்றைய கதைக்குத் தொடக்கம்.

இறைச்சியைப் பற்றி வெட்கப்படாமல் கேட்க வேண்டியவை இருக்கின்றன. பெட்டியில் 'போர்' என்று வாசிக்கிற சொல் இருந்தால் பன்றி, கடைசி எழுத்து வாயில் வராது. 'பெஃப்' மாடு. ழம்போன், ரொசெத், சோசிசோன் என்கிற இறைச்சி வகைகள் பெரும்பாலும் பன்றிதான். மாடு தொடாத சைவ வீடுகளும் பன்றி தொடாத முஸ்லிம் நண்பர்களும் ஒரே மேசைக்கு வந்தால் பலகையையும் கத்தியையும் பிரித்து வையுங்கள். துருக்கிக் கடையில் பாஸ்துர்மா என்று ஒரு காய்ந்த மாட்டிறைச்சி உண்டு. வெந்தயமும் உள்ளியும் மிளகாய்த்தூளும் அரைத்து மேலே பூசியிருப்பார்கள். மாடு சாப்பிடுகிற எங்கட ஆட்கள் முதல் வாயிலேயே அதற்கு அடிமை.

இறைச்சியே தொடாத சைவக்காரருக்குச் சீஸ் மட்டும் வைத்தால் போதும் என்று நினைத்து நானும் ஏமாந்திருக்கிறேன். கொம்தே, ரொக்ஃபோர், பார்மசான் மூன்றிலும் பாலை உறையவைப்பது கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை. சுத்த சைவம் என்றால் அது விலக்கு. தாவர உறை போட்டது தனியாக விற்கிறது, பெட்டியில் எழுதியிருக்கும். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள் சமைக்காத காய்ந்த இறைச்சியையும் பச்சைப்பால் சீஸையும் தள்ளி வைக்க வேண்டும். அங்கே மருத்துவரும் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லுவார்.

பலகையை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் விடாதீர்கள். 32 பாகைக்கு மேல் வெக்கையென்றால் ஒரு மணித்தியாலந்தான். இங்கே ஒத்திகை பார்த்தபோது இது தெரிந்தது. கிளிநொச்சியில் கிடைத்த செடார்க் கட்டியும் கோழிச் சொசேஜும் அம்மாவின் சுளகில் வாழையிலை போட்டு அடுக்கினோம். வேம்பு நிழலிலேயே பத்து நிமிடத்தில் சீஸுக்கு வியர்த்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டுச் சொன்னா, அப்பு காலத்தில் அடுப்புக்கு மேல் கயிற்றில் தொங்கின மரை வத்தல் எந்த வெக்கைக்கும் அசையாதாம். உப்பு, புகை, காற்று. ஷார்க்குத்றிக்காரரின் தொழிலும் அந்த மூன்றும்தான். மரை வேட்டை இப்போது சட்டப்படி குற்றம், அந்த வத்தல் கதையில் மட்டும் மிச்சம்.

சூட்கேசில் என்ன போகும் என்பது அடுத்த சண்டை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுபோகவே கூடாது. அக்கா காய்ச்சி வைத்த நெய்யும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் அங்கே விமான நிலையக் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். மீன் 20 கிலோ வரை விடுவார்கள், ஆகவே முல்லைத்தீவுக் கருவாடு தாராளமாகப் போகலாம், மூன்று பை சுற்றி. தேன் ஆளுக்கு 2 கிலோ. கனடா, லண்டன் போகிறவர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து மாமி கொடுத்துவிட்ட தேன் இரண்டு சாராயப் போத்தலில் வந்தது, ஒவ்வொன்றும் 750 மில்லி. "ஒன்றரை லீற்றர்தானே, போகட்டும்" என்றாள் மருமகள். தேன் தண்ணீரைவிடக் கனம். கடைத் தராசில் தேனை மட்டும் நிறுத்தோம்: 2 கிலோவும் 100 கிராமும். ஒரு போத்தலை அந்த இடத்திலேயே திறந்து சுளகின் நடுவில் வைத்தோம்.