விஆரில் போர் விமானம்: ஜாய்ஸ்டிக்கைச் சரிசெய்த விதம்

விஆர் (மெய்நிகர்) ஹெட்செட் மாட்டி, கணினியில் போர் விமான சிமுலேட்டரை ஓட்டியபோது, பெடலில் கால் பட்டாலே விமானம் ஒரு பக்கமாக உருண்டது. ஜாய்ஸ்டிக்கில் கோளாறு இல்லை. இணைத்திருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் சிமுலேட்டர் தானாகவே ரோல் (பக்கவாட்டில் உருளுதல்), பிட்ச் (மூக்கு மேலும் கீழும் சாய்தல்) அச்சுகளை ஒதுக்கியிருந்தது. பெடலின் டோ பிரேக்குக்கும் (பாத நுனியால் அழுத்துவது) ரோல் போயிருந்தது. அமைப்புகளில் அச்சுப் பட்டியலைத் திறந்து, பெடல், த்ராட்டில் (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) இரண்டின் வரிசையிலும் ரோலையும் பிட்ச்சையும் அழித்தேன். உருளுவது அப்போதே நின்றது.

அப்புறம் பொத்தான்கள். ஹெட்செட் மாட்டினால் கீபோர்டு கண்ணுக்குத் தெரியாது. அதனால் சண்டையில் தேவைப்படும் எதையும் அதில் விட்டுவைக்கக் கூடாது. எஃப்/ஏ-18 போன்ற நிஜ விமானங்களில் ரேடார், ஆயுதத் தேர்வு எல்லாம் ஸ்டிக்கிலும் த்ராட்டிலிலும் இருப்பதே விமானி குனிந்து பார்க்காமல் இயக்கத்தான். அந்த அமைப்பையே முடிந்தவரை பின்பற்றினேன். விமானம் மாறினாலும் ஆயுதத் தேர்வு ஒரே ஹேட் ஸ்விட்சில்தான் (கட்டைவிரலால் நாலு பக்கமும் தள்ளும் பொத்தான்). கட்டைவிரல் தேடாமலே அங்கே போகும்.

விஆருக்கே உரிய இரண்டு கட்டளைகளை மறக்கவே கூடாது: பார்வையை நடுவுக்குக் கொண்டுவரும் ரீசென்டர், தொலைவில் புள்ளியாகத் தெரியும் எதிரியைப் பெரிதாக்கும் ஜூம். ஜூமை அழுத்திப் பிடிக்கும்போது மட்டும் வேலை செய்யும்படி வையுங்கள். சுண்டுவிரல் லீவரை மாடிஃபையராக (துணைப் பொத்தானாக) வைத்து, அதோடு சேர்த்து அழுத்தினால்தான் ரீசென்டர் இயங்கும்படி செய்தேன். சண்டை நடுவே கை தவறிப் பட்டு காக்பிட் நகர்ந்துவிட்டால் அவ்வளவுதான்!

கர்வ், அதாவது ஸ்டிக்கின் சிறு அசைவுக்கு விமானம் மென்மையாக அசையும்படி வைக்கும் அமைப்பு, சின்ன விஷயம்தான். பிட்ச்சுக்கும் ரோலுக்கும் 15 வைத்திருக்கிறேன். வானில் எரிபொருள் நிரப்பும்போது கை நிதானமாக நிற்கிறது.