மார்கழிப் பனியில் டிராக்டர் டிப்பரில் ஆள் ஏற்றலாமா?

மார்கழி பிறந்துவிட்டால் கடலூர், பாகூர் பக்கம் டிராக்டர் டிப்பருக்கு ஓய்வே இருக்காது. காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுப்பு நெருங்கும், நெல்லிக்குப்பத்தைச் சுற்றிக் கரும்பு வெட்டு நடக்கும். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா, தைப்பூசத்துக்கு வடலூர். ஆள் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் வீட்டு வாசலில் நிற்கும் அதே வண்டிதான் கிளம்புகிறது. நெல் மூட்டைக்கும் எருவுக்கும் கட்டிய வண்டி அது. அதில் உட்கார இருக்கை கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, பெரும்பாலான டிப்பருக்குத் தனி பிரேக்கும் கிடையாது.

முதலில் சட்டம். டிராக்டரில் டிரைவரைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது. மட்காட் மேல் உட்காருவதும் இதில் அடங்கும். டிப்பர் சரக்குக்கு மட்டுமே. முள்ளோடையில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் எண் பலகை டிஎன் என்பது பிஒய் என்று மாறலாம், விதி மாறாது. மோட்டார் வாகனச் சட்டம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

அபராதத்தைவிட இன்சூரன்ஸ்தான் குடும்பத்தைச் சாய்க்கும். டிப்பரில் ஏறி வந்த ஆளுக்கு அடிபட்டால் நஷ்டஈடு தரும் பொறுப்பு தனக்கு இல்லை என்று இன்சூரன்ஸ் நிறுவனம் வாதாடும், பெரும்பாலும் ஜெயிக்கும். 2007இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு டிராக்டர் வழக்கில், அடிபட்ட கூலித் தொழிலாளியின் நிலையைப் பார்த்து நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பானது. அதாவது பணம் கடைசியில் உரிமையாளரின் தலையில்தான். பாலிசித் தாளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். டிராக்டரின் எண்ணோடு டிப்பரின் எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

பொங்கல் விடுமுறையில் பள்ளிக்கூடப் பையனிடம் சாவியைக் கொடுக்கும் பழக்கம் ஊருக்கு ஊர் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, 18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றமானால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர்மீதே வழக்கு: 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து.

ஆகவே தார்ச்சாலையில் ஆள் ஏற்ற டிப்பர் வேண்டாம். கன்னியக்கோவில் சந்திப்பிலிருந்து பாகூர் வயலுக்குப் பத்துப் பேரைக் கொண்டுபோக ஷேர் ஆட்டோ இரண்டு நடை அடித்தால் வேலை முடிந்தது. அந்தக் காசை அறுப்புச் செலவில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆற்றுத் திருவிழாவுக்கு வேன் பேசுங்கள்.

சாலையைத் தொடாமல் களத்திலிருந்து வயலுக்குப் போகும் தூரமும், வெள்ளத்தில் வேறு வழியே இல்லாத நேரமும் மீதி. கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டுக்கும்தான்.

பிரேக்கிலிருந்து ஆரம்பியுங்கள். டிராக்டரில் வலது காலுக்கு இரண்டு பிரேக் பெடல், இடது பின் சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. சேற்றில் உழும்போது ஒன்றை மட்டும் மிதித்து வண்டியைச் சட்டென்று திருப்புவார்கள். அதற்காகக் கழற்றிய இணைப்புத் தகட்டை மறுபடி மாட்ட மறப்பதுதான் தப்பு. பின்னால் டிப்பர் இருக்க, அவசரத்தில் ஒரு பெடல் மட்டும் அமுங்கினால் டிராக்டர் அந்தப் பக்கம் சுழலும், டிப்பர் வந்த வேகத்தில் அதன் முதுகில் மோதும். உழவு முடிந்து வயலைவிட்டு ஏறும் முன்பே தகட்டை மாட்டுங்கள். பிறகு நேர் தரையில் மெதுவாக ஓட்டி ஒருமுறை பிரேக் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் பிரேக்கைச் சரிசெய்யும் வரை ஆள் ஏற்ற வேண்டாம். இரண்டு பின் சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் டிஃபரென்ஷியல் லாக்கும் அப்படித்தான். அது விழுந்திருக்கும்போது வண்டி திரும்பாது, நேராக வாய்க்காலை நோக்கிப் போகும்.

அடுத்தது கொக்கி. டிப்பரை எப்போதும் டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில்தான் மாட்ட வேண்டும். மேலே டாப் லிங்க் பக்கம் கட்டி இழுத்தால், வயல் மேடு ஏறும்போது முன் சக்கரம் தூக்கி டிராக்டர் பின்பக்கமாகக் கவிழும். டிரைவர் குதிக்க நேரம் இருக்காது. கொக்கியைப் பூட்டும் இரும்புப் பின்னுக்கு அடியில் கிளிப் கட்டாயம். வளைத்த கம்பியோ ஆணியோ கிளிப் ஆகாது. கூடவே ஒரு சங்கிலியும் போட்டுவையுங்கள், அந்தப் பின் கழன்று போனாலும் டிப்பர் தனியே ஓடாது.

இரண்டு சக்கர டிப்பரில் ஆட்கள் உட்காரும் இடமும் இந்தக் கொக்கியைப் பாதிக்கும். எல்லோரும் பின்பலகை ஓரமாகக் கூடினால் எடை அச்சுக்குப் பின்னால் போய்விடும். டிப்பரின் மூக்கு மேலே தூக்கும், டிராக்டரின் பின் சக்கரம் ஈர மண்ணில் பிடிப்பை இழக்கும், கிளிப் இல்லாத பின் துள்ளி வெளியே வரும். எடை அச்சிலிருந்து கொஞ்சம் முன்னால் இருக்கட்டும். பத்தடி நீளம், ஆறடி அகலத் தளத்தில் முதுகைப் பக்கப் பலகையில் சாய்த்து, தரையில் உட்கார்ந்தால் பத்துப் பன்னிரண்டு பேர். அதற்கு மேல் அடுத்த நடை. நிற்பதும் பலகைமேல் உட்காருவதும் கூடாது. பலகைக் கொண்டிகள் ஆட்டத்தில் தானாகக் கழன்றுகொள்ளும் என்பதால் கயிற்றால் கட்டிவிடுங்கள்.

இனி பனி. விடியலில் தளத்து இரும்புத் தகடு நனைந்து கிடக்கும். அதன்மேல் வைக்கோலைப் பரப்பினால் மெத்தென்று இருக்கும், ஆனால் ஈர வைக்கோல் தகட்டின்மேல் எண்ணெய்போல வழுக்கும். தகட்டைத் துடைத்துவிட்டுச் சாக்கையோ பழைய ரப்பர் பாயையோ விரியுங்கள். குளிருக்குப் போர்த்திய சால்வை, தலையில் சுற்றிய துண்டு, முந்தானை எல்லாவற்றையும் இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியே தொங்கும் துணி சக்கரத்தில் மாட்டும். மற்றக் கருவிகளை ஓட்ட டிராக்டரின் பின்னால் சுற்றும் பிடிஓ தண்டு இதைவிட மோசம். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. துணி நுனி பட்டால் ஆளையே இழுத்துவிடும். ஆட்கள் அருகில் இருக்கும்வரை பிடிஓ நிறுத்தியே இருக்கட்டும். பனிக்குத் தார்ப்பாய் போட்டு ஆட்களை மூடவே கூடாது. உள்ளே ஒருவர் விழுந்தாலும் டிரைவருக்குத் தெரியாது. டிப்பரின் முன்பக்கம் பெரியவர் ஒருவரிடம் விசில் கொடுத்து உட்காரவையுங்கள். விசில் கேட்டால் வண்டி நிற்க வேண்டும், காரணத்தைப் பிறகு கேட்கலாம். பாட்டுப்பெட்டி அணைந்தே இருக்கட்டும்.

மூடுபனியில் ஹை பீம் போட்டால் கண்ணுக்கு எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிப் லைட்டிலேயே போங்கள். 20 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு ஐந்தரை மீட்டர் ஓடுகிறது. கண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்குள் எட்டு மீட்டர் கடந்திருக்கும். பிரேக் இல்லாத டிப்பர் பின்னாலிருந்து தள்ளும் தூரம் தனி. ஆள் இருந்தால் நடை வேகம் போதும். டிப்பரின் பின்விளக்கு ஒயரைச் செருகியிருக்கிறீர்களா என்று பின்னால் போய்ப் பாருங்கள். ஒளிரும் பட்டை முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு.

ஏறுவதும் இறங்குவதும் இந்த வரிசையில்:

1. வண்டியை நேர் தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜினை அணைக்கவும்.
2. டிப்பர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவும்.
3. பின்பக்கமாக மட்டும், ஏணி வைத்து ஏற்றவும். டிராக்டருக்கும் டிப்பருக்கும் நடுவே உள்ள கம்பியைத் தாண்ட யாரையும் விடாதீர்கள். அங்கே விழுபவர் டிப்பர் சக்கரத்துக்கு நேர் முன்னால் விழுவார்.
4. கதிர் அரிவாள், மண்வெட்டி எல்லாம் சாக்கில் சுற்றித் தனியாக. பூச்சிமருந்து டப்பா வேறு நடையில். மூட்டை ஏற்றினால் ஆள் கிடையாது.

வாய்க்கால் கரை வந்தால் ஆட்களை இறக்கி நடக்கவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய கரை மேலே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே குழம்பாக இருக்கும். வாய்க்கால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது விளிம்பிலிருந்து சக்கரம் தள்ளி இருக்க வேண்டும். நான்கடி ஆழ வாய்க்கால் என்றால் நான்கடி. கரையில் அந்த அகலம் இல்லையென்றால் அது வண்டிப் பாதை இல்லை. வயலில் ஏறும் சரிவிலும் ஆட்களை இறக்கிவிட்டுத்தான் வண்டியை ஏற்ற வேண்டும். சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம், அதாவது கேஜ் வீல் போட்ட டிராக்டரில் ஆள் என்ற பேச்சே வேண்டாம்.

வெள்ளக் காலம் வேறு கணக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணை நீரும் தென்பெண்ணையில் சேர்ந்து வந்தது. அந்த மாதிரி நேரத்தில் டிராக்டர் ஆட்களை வெளியே கொண்டுவர உதவும். ஆனால் தேங்கிய நீரில்தான், ஓடும் நீரில் அல்ல. பாதை ஓரம் தெரியவில்லையென்றால் இடுப்பில் கயிறு கட்டிய ஒருவர் கோலால் ஊன்றிப் பார்த்து முன்னே நடக்கட்டும். டிப்பர் சக்கரத்தின் அச்சு மூழ்கும் ஆழம் வந்தால் திரும்பிவிடுங்கள். அறுந்த மின்கம்பி கண்ணில் பட்டால் அந்தத் தெருவுக்குள்ளேயே நுழையாதீர்கள்.

யாராவது விழுந்துவிட்டால் வண்டியைப் பின்னால் எடுக்காதீர்கள். சக்கரம் இரண்டாவது தடவை ஏறுவது அப்போதுதான். என்ஜினை அணைத்து, கட்டை வைத்து, மற்றவர்களைப் பின்பக்கமாக இறக்குங்கள். அடியில் சிக்கியவரை இழுக்காமல், டிப்பரை ஜாக்கியால் தூக்கிக் கீழே கட்டை அடுக்கிய பிறகே வெளியே எடுக்க வேண்டும். ஒருவர் அதற்குள் 108ஐ அழைத்து, ஊர்ப் பெயரோடு அருகிலுள்ள கோயில் அல்லது மதகின் அடையாளத்தையும் சொல்லட்டும். வயல்வெளிக்கு ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் நிற்கும், ஆகவே இன்னொருவர் சாலை முனையில் கைவிளக்கோடு காத்திருக்க வேண்டும்.