டர்பன் புழுக்கத்தில் வெளுத்துப்போன படை

டர்பனில் ஜனவரி எப்படி இருக்கும் என்று அதன் புறநகரான சாட்ஸ்வொர்த்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் போட்ட துணியே காயாது. அந்த மாதத்தில்தான் என் ஜூலு படை தயாரானது. 28 மி.மீ. பொம்மைகள், ஜூலுக்களும் பிரிட்டிஷ் படையும் மோதிய 1879 ஜனவரி 22 இசாண்ட்ல்வானா போரை மேசையில் ஆடத்தான். நம் மாகாணத்திலேயே நடந்த போர், வேறு எங்கே போய்த் தொடங்குவது?

கடைசியாக, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். காய்ந்ததும் கேடயமெல்லாம் வெள்ளைப் புகை படிந்தாற்போல் ஆகிவிட்டது. காற்றில் ஈரம் மிகுந்தால் அது இப்படித்தான் பூக்கும். மரபுப்படி கேடயத்தின் நிறம்தான் எந்தப் படைப்பிரிவு என்று காட்டும். அதுவே போனால் என்ன மிச்சம்?

"எல்லாத்தையும் ஸ்பிரிட்டுல ஊறப்போட்டுக் கழுவிடுண்ணா" என்றான் தம்பி. அவனுக்கென்ன, மாட்டுத்தோல் புள்ளிகளை வரைந்தது அவனா!

ஒரே ஒரு பொம்மையில் பளபளப்பான கிளாஸ் (gloss) வார்னிஷைப் பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசிப் பார்த்தேன். ஈரம் பட்டதுமே வெள்ளை மறைந்து, அடியிலிருந்த கறுப்பும் பழுப்பும் எழுந்து வந்தன. நன்றாகக் காயவிட்டு, பளபளப்பை அடக்க மேலே மேட் வார்னிஷ், அதுவும் பிரஷ்ஷால்தான். கை மடிப்பிலும் கேடய ஓரத்திலும் தேங்கினால் மறுபடி வெள்ளை தட்டும். உலர்ந்த பிரஷ் நுனியால் உடனே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பிறகு மற்றவற்றுக்கும் இதே வைத்தியம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த ஊரில் வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சான ப்ரைமரையும் பிரஷ்ஷாலேயே பூசலாம். ஸ்ப்ரேதான் வேண்டுமென்றால் ஜூன், ஜூலையில், உலர்ந்த நண்பகலில், 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, விட்டுவிட்டு அடியுங்கள்.