சூரைச்செடியின் கீழே படுத்திருப்பவர்களுக்கு

"அக்கா, ஜெபிக்கவே முடியவில்லை. சத்துருவான பிசாசின் போராட்டம் அதிகமாக இருக்கிறது" என்று யாராவது என்னிடம் சொன்னால், "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்றுதான் முதலில் கேட்பேன். ஆவிக்குரிய காரியம் பேச வந்தால் இட்லியைப் பற்றிக் கேட்கிறாளே என்று சிலருக்கு மனம் சுணங்கும். ஆனால் இந்தக் கேள்வியை நான் வேதத்தில்தான் கற்றேன்.

என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து 14 மாதம் படுக்கையில் இருந்து கர்த்தரிடம் போனார். அப்போது பாளையங்கோட்டையில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர் கொடுக்க வேண்டும். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இராத்திரியும் அப்படித்தான். ஐந்தாவது மாதம் என்று நினைக்கிறேன், விடியற்காலை மூன்று மணிக்கு அவரைப் புரட்டிவிட்டு உட்காரும்போதெல்லாம் ஒரே எண்ணம் வர ஆரம்பித்தது. "நீ முறுமுறுத்தாய். அதனால்தான் இவருக்குச் சுகமாகவில்லை. தேவன் உன்னைக் கைவிட்டு நாளாகிவிட்டது." பைபிளைத் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். பாட்டுப் புத்தகத்தை எடுத்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

மூன்று நாள் உபவாசம் இருந்தால் கட்டு அறுந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இரண்டாம் நாள் கஞ்சி ஏற்றும் குழலைக் கையில் பிடித்தபடியே கட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டேன். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மா ஒரு தம்ளர் நீராகாரத்தைக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். அன்று சாயங்காலம்தான் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன்.

நீங்களும் இன்றைக்கு அதை வாசியுங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்த எலியா தீர்க்கதரிசி, யேசபேல் ராணியின் மிரட்டல் வந்ததும் பெயெர்செபாவுக்கு ஓடுகிறார். வேலைக்காரனை அங்கேயே விட்டுவிட்டு வனாந்தரத்தில் ஒருநாள் வழி தனியாக நடக்கிறார். பிறகு ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் தழலில் சுட்ட ஓர் அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாந்தரமும் வந்து, பிரயாணம் வெகுதூரம் என்று சொல்லித் திரும்பவும் சாப்பிடவைத்தான். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வந்தது 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். தூக்கம், ஆகாரம், மறுபடி தூக்கம், மறுபடி ஆகாரம், நடை, அதற்குப் பிறகு பேச்சு. தேவன் வைத்த வரிசை அது. நாம் பேச்சில் தொடங்கிவிட்டு, பதில் கேட்கவில்லையே என்று அழுகிறோம்.

அதனால் முதலில் ஒரு வாரத்துக்கு மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பசி இல்லாவிட்டாலும் ஒரு கிண்ணம் கஞ்சியும் துவையலுமாவது உள்ளே போகட்டும். உபவாசத்தைத் தள்ளிவையுங்கள். சோர்ந்து கிடக்கிறவர் உபவாசம் இருப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பலம் வந்த பிறகு இருந்துகொள்ளலாம். சோதனைக்காரன் இயேசுவிடம் வந்தது எப்போது என்று மத்தேயு 4-இல் பாருங்கள். 40 நாள் கழித்து, அவருக்குப் பசி உண்டானபோது வந்தான். நம்முடைய பசியும் தூக்கமின்மையும் அவனுக்கு நன்றாகவே தெரியும்.

தூக்கத்துக்கு ஆள் உதவி வேண்டும். எனக்கு என் மதினி வந்தாள். வியாழனும் சனியும் இராத்திரி அவள் பார்த்துக்கொள்வாள், நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பேன். முதல் வியாழக்கிழமை ஒன்பது மணி நேரம் தூங்கினேன். வெள்ளிக்கிழமை காலை சங்கீதத்தைத் திறந்தேன். எழுத்து அசையாமல் நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தூக்கத்தில் விழிப்பு வந்தும் கையைக் காலை அசைக்க முடியாமல், நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோலச் சிலருக்கு இருக்கும். நம் ஊரில் அமுக்குவான் என்பார்கள். எனக்கும் நாலைந்து தரம் வந்து பயந்து நடுங்கியிருக்கிறேன். கனவு காணும் நேரத்தில் உடம்பு அசையாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைத்திருக்கும்; விழிப்பு முந்திக்கொண்டு, உடம்பு பிந்திப்போனால் இப்படி ஆகும் என்று மருத்துவர் விளக்கினார். தூக்கம் துண்டுதுண்டாகிறவர்களுக்கும் மல்லாந்து படுக்கிறவர்களுக்கும் இது அதிகமாம். ஒருக்களித்துப் படுத்தேன், மதினியின் புண்ணியத்தில் தூக்கமும் கிடைத்தது, அது வருவது நின்றது. அந்த நேரத்தில் "இயேசுவே" என்று மனதுக்குள் கூப்பிட்டதும் எனக்குத் துணையாகத்தான் இருந்தது. இரண்டையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

அப்புறம், உள்ளே கேட்கிற குரல்களைப் பிரிக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள், இராத்திரியில் வேண்டாம். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, மனதில் திரும்பத் திரும்ப வருகிற வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். பரிசுத்த ஆவியானவர் உணர்த்தும்போது ஒரு குறிப்பிட்ட காரியத்தைத் தொடுவார், வெளியே வர வழியும் காட்டுவார். "நேற்று மதினியிடம் சிடுசிடுத்தாய், போய் மன்னிப்புக் கேள்" என்பது அந்த ரகம். கேட்டுவிட்டால் நெஞ்சு லேசாகும். "நீ எதற்கும் ஆகாதவள், உனக்கு மன்னிப்பே கிடையாது" என்பதில் திருந்துவதற்கு என்று ஒன்றுமே இல்லை, வாசலே இல்லாத வீடு மாதிரி. வெளிப்படுத்தின விசேஷம் 12:10 சாத்தானை, இரவும் பகலும் சகோதரர்மேல் குற்றஞ்சாட்டுகிறவன் என்று சொல்கிறது. ஆவியானவர் உணர்த்துவதை இடது பக்கமும், குற்றஞ்சாட்டுகிற குரலை வலது பக்கமும் எழுதினேன். என் நோட்டில் இடது பக்கம் இரண்டே வரி, வலது பக்கம் ஒன்றரைப் பக்கம். இடது பக்கத்துக்கு மனந்திரும்பினேன். வலது பக்கத்துக்கு, கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்ற ரோமர் 8:1-ஐ வாய்விட்டுச் சொன்னேன்.

வாய்விட்டு என்பது முக்கியம், கத்த வேண்டியதில்லை. இயேசு வனாந்தரத்தில் மூன்று தரமும் உபாகமத்திலிருந்து சின்னச் சின்ன வசனங்களைச் சொல்லித்தான் நின்றார். உங்களுக்கும் ஒரு வசனம் போதும். நான் ரோமர் 8:1-ஐ ஒரு அட்டையில் எழுதி, கஞ்சி வைக்கும் பிளாஸ்கில் ஒட்டியிருந்தேன். கஞ்சியின் ஆவி பட்டு மை ஊறிப்போய் நான்கு தரம் புதிதாக எழுதி ஒட்டினேன்.

ஜெபம் வராவிட்டால் கவலைப்படாதீர்கள். கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாகச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் பெருமூச்சு விடுங்கள். ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. 88-ஆம் சங்கீதத்தையும் வாசித்துப் பாருங்கள். கடைசி வரிவரை வெளிச்சமே வராத சங்கீதம் அது. அதையும் தேவன் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறாரே என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

உதவி கேட்கும்போது "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் வந்து இருப்பாயா?" என்று கேளுங்கள். யுத்த நேரத்தில் உயர்த்திப் பிடித்திருந்த மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஆரோனும் ஊர் என்பவரும் முதலில் உட்காருவதற்கு ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள், பிறகுதான் கைகளைத் தாங்கினார்கள். உங்களுக்கு அந்தக் கல் என்ன என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் போதகரின் மனைவியான ஐயரம்மாவிடம் சொன்னதற்குப் பிறகுதான் சபையில் பெண்கள் முறை வைத்துக்கொண்டு மதியச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அதுவரை அவர்களுக்கு என் நிலைமை தெரியாது.

வாசற்படியில் செய்வினை புதைத்திருக்கிறது, எடுக்க இவ்வளவு காணிக்கை வேண்டும் என்று வருகிறவர்களை உள்ளே விடாதீர்கள். மாத்திரையை நிறுத்து, அது அவிசுவாசம் என்பவர்களையும் அப்படியே.

மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் சோதித்துக்கொள்வது நல்லது. எனக்கு ஹீமோகுளோபின் 7.8 இருந்தது. பிசாசு என்று நான் நினைத்திருந்ததில் பாதி இரத்தச்சோகை. மீதிப் பாதியை நான் லேசாக எண்ணவில்லை. பொல்லாங்கனாகிய பிசாசின் அக்கினியாஸ்திரங்கள் உண்மைதான், ஆனால் பலவீனமான உடம்போடு விசுவாசம் என்ற கேடகத்தைத் தூக்கவே முடியாது. இரண்டு வாரத்துக்குமேல் எதிலும் மனம் ஒட்டாமல் அழுகையாகவே இருந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். லூக்காவைப் பவுல் பிரியமான வைத்தியன் என்றுதான் எழுதுகிறார். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல், பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. எலியாவும் சாவைக் கேட்டவர்தான், அதற்காகக் கர்த்தர் அவரைத் தள்ளிவிடவில்லை.

என் வீட்டுக்காரர் போன பிறகு ஒருநாள் மதினியோடு டோனாவூருக்குப் போனேன். மிஷனெரியாக வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்த இடம். அங்கே இருந்துகொண்டுதான் புத்தகம் புத்தகமாக எழுதினார். அவருடைய கல்லறையில் நினைவுக்கல் வைக்கவில்லை, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, அதில் "அம்மா" என்ற ஒரே சொல். 20 வருஷம் படுக்கையில் இருந்தவரைத் தேவன் மறக்கவில்லை என்று நினைத்தபோது, 14 மாதமும் என் கண்முன்னால் வந்து போனது. அங்கே நின்று அழுதேன். நெடுநாளைக்குப் பிறகு அது பாரமில்லாத அழுகை.

இதை இராத்திரியில் வாசிக்கிறீர்கள் என்றால் மேற்கொண்டு எதையும் யோசிக்க வேண்டாம். எதையும் முடிவு பண்ணவும் வேண்டாம். ஒரு தம்ளர் பாலைச் சூடுபண்ணிக் குடியுங்கள். போனை அடுத்த அறையில் வையுங்கள். "கர்த்தாவே, இந்த இராத்திரிக்கு நீர் விழித்திரும், நான் தூங்கப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு ஒருக்களித்துப் படுங்கள். நோட்டை நாளைக்குக் காலையில், சாப்பிட்ட பிறகு எடுக்கலாம்.