ஆள் தேடும் கருவிக்குச் சந்தா கட்டும் முன்

கடனாளியைத் தேடும் மென்பொருளை வாங்கும் முன், ஏற்கனவே ஆளைக் கண்டுபிடித்து முடித்த பழைய கோப்புகள் சிலவற்றை வைத்துச் சோதனைக் கணக்கில் தேடிப் பாருங்கள். விடை உங்கள் கையில் இருப்பதால், அது தருவது இன்றைய முகவரியா, கோலாலம்பூர் செந்தூலில் எப்போதோ காலி செய்த வாடகை வீடா என்பது உடனே தெரிந்துவிடும். விற்பவர் இரண்டையும் ‘கிடைத்தது’ என்றே கணக்குக் காட்டுவார். பெயரைப் போடாமல் ஐசி (அடையாள அட்டை) எண்ணில் தேடுங்கள். சுப்பிரமணியம் என்ற பெயரை ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள்.

கடன் வாங்கியது கம்பெனி என்றால் இந்தச் செலவே வேண்டாம். கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம் ஆணையத்தில் கம்பெனி விவரத்தைக் காசு கட்டி எடுத்தால் போதும். அதில் பதிவு முகவரி பெரும்பாலும் செக்ரட்டரி ஆபீஸாகத்தான் இருக்கும், தொழில் முகவரியைப் பாருங்கள். தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லாத கருவியை, மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது, சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள்.